மென்திறன்

கல்லூரிகளில் வளாக நேர்காணல் நெருங்கினாலே காதில் விழும் சொல் 'சாஃப்ட் ஸ்கில்ஸ்'. தமிழில் மென்திறன் என்கிறோம். நாளடைவில் அது, சரளமாக ஆங்கிலம் பேசுவது, டை கட்டிக்கொண்டு கை குலுக்குவது என்று சுருங்கிவிட்டது. உண்மையில் சொல்லின் பொருள் இதைவிடப் பெரியது.

இந்தச் சொல்லை வளர்த்தது அமெரிக்க ராணுவம். 1972-இல் டெக்சாஸின் ஃபோர்ட் பிளிஸ் முகாமில் இதற்கென்றே ஒரு மாநாடு நடத்தினார்கள். டாங்கியைப் பழுதுபார்ப்பது போல இயந்திரத்தோடு புழங்கும் வேலை ஒரு வகை. ஆட்களை வழிநடத்துவது போன்றவை இன்னொரு வகை. இரண்டாவதற்குத்தான் 'சாஃப்ட்' என்ற அடைமொழி. மற்றபடி அதில் மென்மையான சங்கதி எதுவும் இல்லை.

'ஸ்கில்' இன்னும் பழையது. ஸ்காண்டிநேவியாவில் முற்காலத்தில் பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியில் அதற்குப் பகுத்தறிதல் என்று பொருள். நம் 'திறன்' மட்டும் என்ன? "திறனறிந்து சொல்லுக சொல்லை" என்கிறது குறள். எதிரில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்து பேசச் சொல்கிறது. அதைவிட மேலான அறமும் பொருளும் இல்லை என்றும் முடிக்கிறது.

பொருள், அதாவது சம்பாத்தியம், அந்த விஷயத்திலும் குறள் சொல்வது சரிதான். சுவீடனில் அந்நாளில் படைச்சேர்ப்புக்கு வந்த 18, 19 வயது இளைஞர்களிடம் உளவியலாளர் ஒருவர் சுமார் 25 நிமிடம் பேசி, பொறுப்பு, விடாமுயற்சி, மனநிதானம் ஆகியவற்றை மதிப்பிடுவார். பின்னாளில் வேலையில்லாமலோ குறைந்த வருமானத்திலோ தவித்தவர்களிடம் குறைவாக இருந்தது அறிவுக்கூர்மையைவிட இந்தக் குணங்களே என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. நடுத்தர வருமானத்துக்கு மேலே போனால் அறிவுக்கூர்மையின் கை ஓங்குகிறது; அதையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில், பள்ளியில் அணித்தலைவராகவோ மன்றத் தலைவராகவோ இருந்த ஆண்கள், அதே அறிவுத்திறன் கொண்ட மற்றவர்களைவிட 4 முதல் 33 சதவீதம் வரை கூடுதலாகச் சம்பாதித்ததை 2005-இல் இன்னோர் ஆய்வு கண்டது.

ஒன்பதாம் வகுப்பு லீடரை நினைத்துப் பாருங்கள். சுற்றுலாவுக்குப் பணம் வசூலிக்கிறாள், சில்லறையை எண்ணி நோட்டில் குறிக்கிறாள், கொடுக்க முடியாத தோழியைத் தனியே அழைத்து மற்றவர் காதில் விழாமல் பேசுகிறாள். இதற்கு மதிப்பெண் பட்டியலில் இடமே இல்லை. 'மென்' என்று சொன்னால் இது ஏதோ கூடுதல் அலங்காரம் போலவும் ஆகிவிடுகிறது.

எனக்குப் பொருத்தமாகப் படுவது 'பழகுதிறன்'. மனிதர்களோடு பழகுவது, திரும்பத் திரும்பச் செய்து பழகுவது, இரண்டுக்கும் தமிழில் ஒரே வினைதான். மென்திறன் வழக்கில் ஊன்றிவிட்டது, சரி. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது மட்டும் நான் பழகுதிறன் என்றே எழுதுகிறேன்.