உறைந்த இடம் ஒன்று, வெடித்த இடம் வேறு

குளிர் நாடு ஒன்றில் புதிதாக வீடு வாங்கிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கடுங்குளிர் இரவுகளில் குழாயைச் சொட்டவிடும்படி இன்சூரன்ஸ் நிறுவனம் அறிவுறுத்துகிறது. சொட்டும் தண்ணீர் மட்டும் உறையாதா?”

உறையலாம். ஆனாலும் அந்த அறிவுரை சரியானது. ஏன் என்று புரிந்துகொள்ள, குழாய் எப்படி வெடிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. பள்ளியில் படித்ததுதான். ஆகவே விரியும் பனிக்கட்டி பக்கச் சுவரை நெட்டித் தள்ளி உடைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் நடப்பது இதைவிட அழகானது.

குழாயில் அசையாமல் நிற்கும் தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உடனே உறைந்துவிடுவதில்லை. பல நேரங்களில் அதற்குக் கீழே சில டிகிரி வரை திரவமாகவே குளிர்ந்துகொண்டு போகிறது. பிறகு எங்கோ ஒரு புள்ளியில் முதல் படிகம் தோன்றியதும், மெல்லிய பனி இழைகள் கிளை கிளையாகக் குழாய்க்குள் விரைந்து பரவுகின்றன. உறையும் ஒவ்வொரு கிராம் நீரும் 334 ஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் சுற்றியுள்ள நீரை மீண்டும் பூஜ்ஜியத்துக்கே ஏற்றிவிடுகிறது. மைனஸ் 4 டிகிரி வரை குளிர்ந்த நீரில்கூட அந்தக் கணத்தில் உறைவது 5 சதவீதம் அளவுதான்.

அதன் பிறகு எல்லாம் நிதானமாக நடக்கிறது. குழாயின் சுவரை ஒட்டிப் பனி படிந்து, உள்நோக்கி வளர்ந்து, கடைசியில் வழியை முழுவதும் அடைக்கிறது. அதுவரை ஆபத்து இல்லை. பனி தள்ளும் நீர், வந்த வழியே தெருக் குழாய்க்குத் திரும்பிப் போய்விடும். அடைப்பு விழுந்த பிறகுதான் சிக்கல். அடைப்புக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் நடுவே உள்ள நீருக்குப் போக்கிடம் இல்லை. வாயை விரலால் அடைத்த ஊசிக்குழாயின் தண்டை அழுத்துவதுபோல, வளரும் பனி அந்த நீரை அழுத்துகிறது. தண்ணீரோ எளிதில் சுருங்காதது. அதன் பருமனை 1 சதவீதம் குறைக்கவே 200 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் வேண்டும். வீட்டுக் குழாய்களில் வழக்கமாக இருப்பது சில வளிமண்டல அழுத்தம்தான். அழுத்தம் ஏறினால் உறைநிலை இறங்கும் என்பது உண்மை. ஆனால் 200 வளிமண்டல அழுத்தத்தில்கூட அது ஏறத்தாழ ஒன்றரை டிகிரிதான் இறங்கும். வெளியே மைனஸ் 7 என்றால் பனி தொடர்ந்து வளரும். இறுதியில் குழாய் தன் மிகப் பலவீனமான இடத்தில் பிளக்கும். அந்த இடத்தில் பனியே இல்லாமலும் இருக்கலாம்!

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1990களில் நடந்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. உறை சுற்றாத குழாய்களுக்கு எச்சரிக்கை எல்லையாக ஏறத்தாழ மைனஸ் 7 டிகிரியைக் குறித்ததும் அந்த ஆய்வுதான். அதற்குப் பணம் கொடுத்தது இன்சூரன்ஸ் துறை. லட்சக்கணக்கான வீடுகளைத் தொடும் இத்தகைய எளிய கேள்விகளுக்கு அரசுகளும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குளிருக்குப் பழகாத டெக்சாஸ் மாநிலத்தில் 2021 பிப்ரவரியில் வீடு வீடாகக் குழாய்கள் வெடித்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். சொட்டும் குழாய் பனியைத் தடுக்காமல் போகலாம். ஆனால் சிக்கிய நீருக்கு வாசல் திறந்து வைக்கிறது. அழுத்தம் ஏற வழியில்லை. குழாய்க்கு உறை சுற்றுவதும் நல்லதே, ஆனால் உறை வெப்பத்தை உண்டாக்காது, இழப்பைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், சுவரில் உள்ள விரிசல்களை அடைப்பது. சிறு துளை வழியே குழாய்மீது நேராக வீசும் குளிர்காற்று வெப்பத்தை மிக வேகமாகப் பறித்துவிடும். உறைந்துவிட்டால் முதலில் திருகைத் திறந்து வைத்துவிட்டு, அந்த முனையிலிருந்து மெதுவாகச் சூடேற்ற வேண்டும். நெருப்புச் சுடர் மட்டும் கூடவே கூடாது.

பாலிசியை எடுத்து வாசித்தால் இதே இயற்பியல் அங்கேயும் தென்படும். ஆளில்லாத வீட்டில் ஒன்று வெப்பமூட்டி ஓட வேண்டும், அல்லது தண்ணீரை நிறுத்திக் குழாய்களை வடித்துவிட வேண்டும் என்று பல பாலிசிகள் நிபந்தனை விதிக்கின்றன. முன்னது பனியைத் தடுக்கிறது, பின்னது சிக்குவதற்கு நீரே இல்லாமல் செய்கிறது. வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடந்தால் காப்பீடு குறையும் என்பதையும் ஊருக்குக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. திடீரென நேர்ந்த உடைப்புக்கு இழப்பீடு தரும் நிறுவனங்கள், நாட்பட்ட கசிவுக்குப் பொதுவாகத் தருவதில்லை. நேர்ந்தது எது என்பதை உடைந்த குழாயே காட்டிக்கொடுக்கும். உள்ளழுத்தத்தால் குழாயின் சுற்றளவுத் திசையில் ஏற்படும் தகைவு, அதாவது சுவரை இழுக்கும் விசையின் செறிவு, நீளத் திசையில் இருப்பதைப் போல இரு மடங்கு. அதனால் அழுத்தத்தில் வெடித்த செப்புக் குழாய் உப்பி, நீளவாக்கில் கிழிந்திருக்கும். அரிப்பில் ஓட்டை விழுந்த குழாய் பெரும்பாலும் ஊசித்துளையோடு நிற்கும். ஆகவே பிளம்பர் வெட்டியெடுக்கும் துண்டைக் குப்பையில் போட விடாதீர்கள். படம் எடுத்து, மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.