ஓட்டையை சுருக்குனா படம் ஏன் மங்குது?

போன ஞாயித்துக்கிழமை அக்கா மவன் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துல எடுத்த படத்தை கொண்டாந்து காட்டுனான். "மாமா, ட்ரைபாட்லதான் வச்சு எடுத்தேன், எஃப் 22 வச்சா மரத்துல இருக்க நாரைக்கூட்டுல இருந்து பின்னாடி குளம் வரைக்கும் ஷார்ப்பா வரும்னாங்க, ஆனா மரப்பட்டைகூட மொழுக்குன்னு இருக்கே, லென்ஸ் போச்சா?"ன்னு கேட்டான். லென்ஸ்லாம் நல்லாத்தான் இருக்கு மருமவனே, வெளிச்சத்தோட குணம் அது.

அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் நுழையுற ஓட்டையை, முழுசா திறந்தா லென்ஸ் ஓரத்து வழியா வர்ற கதிர் சரியா ஒரே இடத்துல சேராது, கொஞ்சம் சுருக்குனா அது சரியாவும், ஃபோகஸ் ஆழமும், அதாவது கிட்ட இருந்து தூரம் வரைக்கும் ஷார்ப்பா விழுற அளவும், கூடும், இதெல்லாம் கேமரா வச்சிருக்க எல்லாருக்கும் தெரியும். ஆனா ரொம்ப சுருக்குனா கதையே மாறிரும். எஃப் நம்பர் கூடக்கூட ஓட்டை சிறுசாகும், 50 எம்எம் லென்ஸ்ல எஃப் 22ன்னா ஓட்டை வெறும் 2.3 மில்லிமீட்டர்தான்.

குளத்துப் படித்துறைல ரெண்டு கல்லுக்கு நடுவுல அலை போறத பாத்திருக்கியா? இடைவெளி அகலமா இருந்தா அலை நேரா போயிரும், குறுகலா இருந்தா அந்தப்பக்கம் விசிறி மாதிரி விரியும். வெளிச்சமும் அலைதான, அதுவும் அப்படித்தான் விரியுது, பள்ளிக்கூடத்துல விளிம்பு விளைவுன்னு படிச்சமே அதுதான் இது. ஓட்டையோட ஒவ்வொரு இடத்துல இருந்தும் கிளம்புற அலை, படம் பதியுற சென்சார்ல வந்து சேரும்போது நடுவுல எல்லாம் ஒண்ணா ஏறி நிக்கும், கொஞ்சம் தள்ளுனா ஒண்ணோட மேடு இன்னொண்ணோட பள்ளத்துல விழுந்து அணைஞ்சு போயி கறுப்பு வளையம் வரும், அதுக்கு வெளிய மறுபடி மங்கலா ஒரு வளையம். அதனால எவ்வளவு ஒசத்தி லென்ஸா இருந்தாலும் ஒரு புள்ளி புள்ளியா விழாது, வட்டமாத்தான் விழும். 1835ல ஏரின்னு ஒரு இங்கிலாந்து வானியல்காரர் இதை கணக்கா போட்டு காட்டிட்டார், இன்னைக்கும் ஏரி வட்டம்னுதான் பேரு.

பச்சை வெளிச்சத்துக்கு எஃப் 8ல இந்த வட்டம் கிட்டத்தட்ட 11 மைக்ரான், எஃப் 22ல 30 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்). உன் கேமரா 24 மெகாபிக்சல், சென்சார் ஏபிஎஸ்-சிங்கற அளவு, அதுல ஒரு பிக்சல் 4 மைக்ரான்தான், அப்போ ஒரு புள்ளி வரிசையா ஏழெட்டு பிக்சலை அடைச்சுக்கிடுது, மரப்பட்டை எப்படிடே தெரியும்? போன்ல 108 மெகாபிக்சல்னு விளம்பரம் பண்ணுதாங்கள்லா, அதுல பிக்சல் ஒரு மைக்ரானுக்கும் கம்மி, எஃப் 1.8லயே வட்டம் 2.4 மைக்ரான் வந்துருது, நம்பர் பெருசா இருந்தா படம் தெளிவா இருக்கும்ங்கறது வெறும் மூடநம்பிக்கை.

இதைப் பாக்க லேப்பே வேண்டாம். ரெண்டு விரலை ஒரு கண்ணுக்கு பக்கத்துல வச்சு, தலைமுடி அளவுக்கு இடுக்கு விட்டு, அந்த இடுக்கு போற வாக்குலயே இருக்க ட்யூப்லைட்ட பாரு, இடுக்குக்குள்ள மெல்லிசா கறுப்பு கோடு தெரியும். நாங்க இதுக்கு அஞ்சு மார்க் கேள்வி எழுதுனோமே தவிர இந்த விரல் விஷயத்தை யாரும் காட்டல, எனக்கு அதுல இன்னைக்கும் வருத்தம்தான். நம்ம ஊர் பள்ளிக்கூடங்களுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்குற காசுல பாதியை செய்முறைக்கு குடுக்கணும்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

அடுத்த வாட்டி எஃப் 8, மிஞ்சுனா 11 வை, கூட்டுக்கு ஒண்ணு குளத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஃபோகஸ்ல எடுத்து சேத்துக்கிடலாம். காலைல ஆறரைக்கே போயிரு, வெயில் ஏறுனா தண்ணிக்கு மேல காத்து நெளியும், தூரத்துல நிக்குற பறவையும் அதோட சேந்து நெளியும், அதுக்கு எந்த எஃப் நம்பரும் ஒதவாது.