மொட்டை மாடிக்கு ஒரு வெள்ளைப் பூச்சு

சித்திரை மாதம், இரவு பத்து மணி. வெளியே காற்று தணிந்துவிட்டது. மேல்மாடி வீட்டில் மட்டும் மின்விசிறி அனலை இறக்குகிறது. அது பகல் ஒரு மணிக்கு மொட்டை மாடியில் விழுந்த வெயில்தான். ஐந்து அங்குலக் கான்கிரீட்டைக் கடந்து கீழே வர அதற்குச் சில மணி நேரம் ஆகிறது.

உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. சதுர மீட்டருக்கு ஒரு இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி! பாசி காய்ந்து கறுத்த தளம் இதில் முக்கால் பங்கை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தளம் பெரும்பகுதியை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். உள்ளே வந்த சூட்டை ஏசி வைத்து வெளியேற்றுவதைவிட, அதை வாசலிலேயே தடுப்பது எவ்வளவோ மலிவு.

சரி, பளபளக்கும் தகரக் கூரையும் ஒளியைத் திருப்புகிறதே, அது ஏன் கொதிக்கிறது? எந்தப் பொருளும் தன் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெளியே விட வேண்டும். பளபளப்பான உலோகம் அதில் ரொம்பக் கஞ்சம்; கொஞ்சம் வெப்பம் ஏறினாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு தாராளம். வெயிலைத் திருப்புகிறது, மீறி ஏறியதையும் வானத்தை நோக்கி உமிழ்ந்துவிடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அதன் பலம்.

நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து, தளத்தை நன்றாகக் கூட்டிக் கழுவிய பின் இரண்டு கோட் அடித்தால் போதும். கண்ணில் மட்டும் தெறிக்கவே கூடாது. காயும்போது அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துச் சுண்ணாம்புக் கல்லாகவே மாறி இறுகுகிறது. சூளையில் சுட்டபோது வெளியேறிய வாயுவில் ஒரு பங்கு இப்படித் திரும்பி வருவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு தேய்ந்துவிடும். புழுதி படிந்தாலும் வெண்மை குறையும். அதனால் பொங்கல் கழிந்ததும், வெயில் ஏறும் முன், ஆண்டுதோறும் அடிப்பது நல்லது. மழைநீரைத் தொட்டியில் சேமிப்பவர்கள் அப்புறம் வரும் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.