கமாரோவுக்குள் 7.4 லிட்டர்

செவ்ரலே கமாரோ 1966 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தபோது, அதன் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அந்த அளவுள்ள காரில் 400 கன அங்குலத்தைத் தாண்டிய எஞ்சினை வைக்கக் கூடாது. 400 கன அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 6.5 லிட்டர். செவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் கமாரோவுக்குக் கிடைத்த பெரிய எஞ்சின் 396 கன அங்குலத்தோடு நின்றுவிட்டது.

அந்த 396-க்கும் கார்வெட்டில் இருந்த 427-க்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் ஒன்றே: 3.76 அங்குலம். சிலிண்டரின் உள்விட்டம் மட்டும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் கூடுதல். 396 இறங்கும் இடத்தில் 427 அப்படியே இறங்கும். பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க்கில் செவ்ரலே கார் விற்றுவந்த டான் யென்கோ இதைத்தான் செய்தார். 396 கமாரோக்களை வரவழைத்து, எஞ்சினைக் கழற்றி, 427-ஐ மாட்டி விற்றார். 1969-ல் அந்த வேலையும் மிச்சமாயிற்று. டாக்சிக்காரர்களும் போலீஸ் துறையும் மொத்தமாகக் கேட்கும் தனி மாற்றங்களுக்காக வைத்திருந்த ‘கோப்போ’ என்ற ஆர்டர் முறை வழியாகத் தொழிற்சாலையே 427-ஐப் பொருத்தி அனுப்பியது. தலைமையகத்தின் விதியைத் தலைமையகத்தின் படிவத்தாலேயே தாண்டிவிட்டார்கள்.

1970-ல் கட்டுப்பாடு போனது, 454 வந்தது. சிலிண்டர் விட்டம் 427-இல் உள்ளதுதான், 4.25 அங்குலம். பிஸ்டன் ஓட்டத்தை மட்டும் 4 அங்குலமாக நீட்டினார்கள். கொள்ளளவு 7.4 லிட்டர். நம் ஊர் மாருதி 800-இன் முழு எஞ்சின் 796 சிசி. இதில் ஒரு சிலிண்டரே 930 சிசி. பழைய கமாரோவைச் சீர்செய்கிறவர்கள் இன்றும் தேடிப்போவது பெரும்பாலும் இந்தக் குடும்பத்து எஞ்சினைத்தான்.

எஞ்சினைக் காருக்குள் இறக்குவது இந்த வேலையில் சுலபமான பகுதி. சிரமம் அதற்கு முன்னாலும் இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது.

முதலில், பெரிய எஞ்சின் ஏன் பலமாக இழுக்கிறது? பெட்ரோலை அதிகமாக ஊற்றுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. அதை எரிக்கும் காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை மூச்சு இழுக்கும். ஆக, 454 நிமிடத்துக்கு 5,600 சுற்று சுற்றும்போது, சிலிண்டர்கள் முழுதாக நிரம்புவதாக வைத்துக்கொண்டால், ஒரு நிமிடத்தில் சுமார் 20,800 லிட்டர் காற்று உள்ளே போகும். அதற்கு ஈடாக இரண்டு லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும், அதுவும் அதே ஒரு நிமிடத்தில்.

சின்ன எஞ்சினும் இவ்வளவு காற்றை இழுக்கலாம், ஆனால் வேகமாகச் சுற்றியாக வேண்டும். பெரிய எஞ்சின் நிதானமாகச் சுற்றியே இழுத்துவிடும். செவ்ரலேயின் 1970 செவெல் காரில் வந்த எல்எஸ்6 வகை 454-இன் கணக்கைப் பாருங்கள்: 5,600 சுற்றில் 450 குதிரைத்திறன், முறுக்குவிசையோ 3,600 சுற்றிலேயே 678 நியூட்டன் மீட்டர். எல்லோரும் கேட்பது குதிரைத்திறனை. ஓட்டுகிறவரின் முதுகைச் சீட்டோடு அழுத்துவது இந்த இரண்டாவது எண். அந்த 450-ஐயும் கொஞ்சம் கழித்துத்தான் வாங்க வேண்டும். அன்று எஞ்சினைத் தனியே மேடையில் வைத்து, ஏர் ஃபில்டர், சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்தார்கள். 1972-லிருந்து அவற்றோடு சேர்த்து அளக்கத் தொடங்கியதும் எல்லா அமெரிக்க எஞ்சின்களின் எண்ணும் ஒரே ஆண்டில் சரிந்தது.

இந்த எஞ்சின் காற்று இழுப்பதில் கெட்டிக்காரனாக இருப்பதற்குக் காரணம், சிலிண்டர்களை மேலே மூடி வால்வுகளைத் தாங்கும் அதன் ஹெட். வழக்கமான ஹெட்டில் வால்வுகள் எல்லாம் ஒரே வரிசையில், ஒரே சாய்வில் நிற்கும். இதில் உள்வால்வு ஒரு பக்கமும் வெளிவால்வு இன்னொரு பக்கமும் சாய்ந்திருக்கும். வால்வு திறக்கும்போது சிலிண்டர் சுவரை விட்டு விலகி நடுவை நோக்கி நகர்வதால் காற்று முட்டிக்கொள்ளாமல் உள்ளே பாயும். மேலிருந்து பார்த்தால் வால்வுத் தண்டுகள் ஆளுக்கொரு திசையில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனாலேயே மெக்கானிக்குகள் அதற்கு முள்ளம்பன்றி என்று பெயர் வைத்தார்கள். இந்த வடிவம் முதலில் தலைகாட்டியது 1963 டேடோனா பந்தயத்தில். அடுத்து 1965-ல் 396-ஆகச் சாலைக்கு வந்தது.

பிறகு அந்தச் சத்தம். நின்றுகொண்டிருக்கும்போது ‘தட்டட்... தட்’ என்று தடுமாறுவதுபோல் கேட்குமே, அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்ட். அதிக வேகத்தில் காற்று தன் உந்துதலாலேயே சிலிண்டரை நிரப்பும் என்பதால், பலம் கூட்டிய கேமில் இரண்டு வால்வுகளும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருக்கும்படி செய்வார்கள். 5,000 சுற்றில் இது லாபம். 800 சுற்றில் எரிந்த புகை திரும்பி உள்வழியில் ஏறிப் புதுக் காற்றைக் கெடுக்கும்; ஒரு முறை சரியாக எரியும், மறுமுறை அரைகுறையாக எரியும். இதே காரணத்தால் உள்வழியில் வெற்றிடமும் குறையும். பவர் பிரேக் அந்த வெற்றிடத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. நல்ல சத்தத்துக்காகப் பெரிய கேம் போட்டவர் முதல் சிக்னலில் பெடலை இரண்டு காலாலும் மிதிக்க நேர்வது இப்படித்தான்.

இரண்டாவது காரணம், எரியும் வரிசை. செவ்ரலேயின் வி8-இல், அதாவது பக்கத்துக்கு நாலாக எட்டுச் சிலிண்டர் உள்ள இந்த எஞ்சினில், அது 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை சிலிண்டர்கள் இடது பக்கம், இரட்டைப்படை வலது பக்கம். வரிசையைப் பக்கமாகப் படித்தால் இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது, வலது. எட்டும் நாலும் அடுத்தடுத்து வலது குழாயில் புகையைத் தள்ளுகின்றன. ஐந்தும் ஏழும் அடுத்தடுத்து இடது குழாயில். எட்டு வெடிப்புக்கும் இடையே கால இடைவெளி சமம்தான். ஒவ்வொரு குழாயிலும் தனியாகக் கேட்டால் சமமில்லை. அமெரிக்க வி8-இன் கரகரப்பு இந்தச் சமமின்மையிலிருந்து வருகிறது. எட்டுச் சிலிண்டர் இருந்தும் சில பந்தய ஐரோப்பியக் கார்கள் சீறுவதற்குக் காரணம், அவற்றின் கிராங்க் வேறு அமைப்பு. அங்கே இடமும் வலமும் மாறி மாறி வரும்.

சரி, எஞ்சினைக் கட்டும் வேலைக்கு வருவோம். சிலிண்டர்கள் அமைந்த இரும்பு உடலான பிளாக், பழையது ஒன்று கிடைத்ததும், லேத் பட்டறைக்குப் போகும். சிலிண்டரைச் சற்றுப் பெரிதாக்கி ஹோனிங் செய்ய, அதாவது உட்சுவரைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். நல்ல பட்டறைக்காரர் அதற்கு முன் பிளாக்கின் தலையில் ஒரு கனத்த இரும்புத் தகட்டை, ஹெட்டை முடுக்கும் அதே விசையில் முடுக்குவார். ஏனென்றால் போல்ட்டை இறுக்கும்போது சிலிண்டரின் வட்டம் இம்மி கோணும். இறுக்காமல் வட்டமாகக் கடைந்தால் ஹெட் ஏறியதும் அது வட்டமாக இராது. பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங் ஒருபக்கம் தேயும், ஒருபக்கம் எண்ணெயை விடும். தகட்டோடு கடைந்தால் கோணல் அப்போதே சரியாகிவிடும்.

ரிங்கின் வாய் இடைவெளி இன்னொரு நுட்பம். 4.25 அங்குல சிலிண்டருக்கு மேல் ரிங்கில் சுமார் அரை மில்லிமீட்டர் விடுவார்கள். புகை கசிந்துவிடுமே என்று குறைத்து வைத்தால், சூட்டில் ரிங் நீண்டு இரு முனைகளும் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் நீள இடமில்லாமல் பிஸ்டனின் விளிம்பையே பெயர்த்துவிடும்.

இந்த மூன்றில் 454-க்கு மட்டுமே உரிய கண்ணி ஒன்று உண்டு. 396-லும் 427-லும் கிராங்கின் எதிர்எடை முழுவதும் கிராங்கிலேயே இருக்கிறது. 454-இல் ஓட்டம் நீண்டதால் அது போதவில்லை. மீதி எடையை கிராங்கின் முன்முனையில் அதிர்வைக் குறைக்கும் டாம்பரிலும் பின்முனையில் உள்ள கனத்த சக்கரமான ஃப்ளைவீலிலும் ஒரு பக்கமாக வைத்தார்கள். போல்ட் துளைகள் ஒத்துப்போவதால் 427-இன் ஃப்ளைவீல் 454-இல் அழகாக உட்காரும். ஓடத் தொடங்கினால் எஞ்சின் அதிர்ந்து தன் பேரிங்குகளைத் தானே தின்னும்.

பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற அமுக்க விகிதத்தையும் காலத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கிறது. எல்எஸ்6-இல் அது 11.25-க்கு 1. அன்று பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது, கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிக்கும் நாக்கிங் வராமல் அது தடுத்தது. இன்றைய பம்பு பெட்ரோலுக்கு, இரும்பு ஹெட் என்றால் பத்துக்குக் கீழே வைப்பதே நல்லது. அலுமினிய ஹெட் சூட்டைச் சீக்கிரம் கடத்துவதால் அதில் கொஞ்சம் கூடுதலாகப் போகலாம். ஈயம் வால்வு இருக்கைக்கும் காப்பாக இருந்தது. அது போன பிறகு கடினமாக்கிய இருக்கைகளைப் பொருத்தியாக வேண்டும்.

கட்டி முடித்த எஞ்சின் முதல் இருபது நிமிடத்திலேயே பாழாகலாம். பழைய வகை கேமில் அதன் முட்டை வடிவ மேடான லோபும், அது தள்ளும் சிறு உருளையான டேப்பட்டும் நேரடியாக உரசும். லோபை மிக இலேசான சரிவோடும் டேப்பட்டின் அடியை இலேசான புடைப்போடும் கடைந்திருப்பார்கள். அதனால் டேப்பட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஓடும், ஒரே இடத்தில் தேயாது. இந்தச் சுழற்சி பழகும்வரை அங்கே எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் சுற்றும்போது தெறிப்பதுதான். மெதுவாக ஓடினால் தெறிப்பு போதாது. எனவே புது கேமை ஐடிலில் விடாமல், ஸ்டார்ட் ஆன உடனே 2,000 சுற்றுக்கு மேல் ஏற்றி இருபது நிமிடம் ஓடவிடுவார்கள். அதற்கு முன்பே டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக டிரில் மெஷினை விட்டு ஆயில் பம்பைச் சுற்றி எல்லா வழிகளிலும் எண்ணெயை நிரப்பியிருப்பார்கள். எண்ணெயிலும் துத்தநாகக் கலவை வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குக் கேடு என்று இன்றைய கார் எண்ணெயில் அதைக் குறைத்துவிட்டார்கள்.

இனி காருக்குள் இறக்குவது. செவ்ரலேயின் சின்ன வி8-க்கும் பெரிய வி8-க்கும் கியர்பாக்ஸ் மாட்டும் துளைகள் ஒன்றே. காரின் அடிச்சட்டத்தில் இருக்கும் தாங்கிகளை மட்டும் பெரிய எஞ்சினுக்கு உரியதாக மாற்ற வேண்டும். இரும்புப் பெரிய எஞ்சின் 310 கிலோ அளவு எடை. சின்னதைவிட 50 கிலோ அதிகம். அத்தனையும் முன்சக்கரத்தின் மேல் இறங்குவதால் முன் ஸ்பிரிங் மாற வேண்டும். இந்த எடைப் பிரச்சினையைச் செவ்ரலேயே ஒருமுறை தீர்த்துப் பார்த்தது. 1969-ல் 427-ஐ முழுக்க அலுமினியத்தில் வார்த்து, இசட்எல்1 என்ற பெயரில் 69 கமாரோக்களில் வைத்தது. எஞ்சினுக்கு மட்டும் 4,000 டாலருக்கு மேல் விலை. பல கார்கள் வாங்க ஆளில்லாமல் நின்றன.

எஞ்சின் மவுண்டிங் ரப்பரை நான் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் கிராங்க் வலஞ்சுழியாகச் சுற்றும். அதன் எதிர்விசையில் பிளாக் இடஞ்சுழியாகத் திரும்பப் பார்க்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் காரின் இடதுபக்க மவுண்டிங் மேலே இழுபடும். ரப்பர் கிழிந்தால் எஞ்சின் இடதுபுறம் எழும்பும், எழும்பும்போது ஆக்சிலரேட்டர் கம்பியையும் சேர்த்து இழுக்கும். கார் இன்னும் வேகமாக ஓடும், எஞ்சின் இன்னும் எழும்பும். இது கற்பனை இல்லை. இந்தக் கோளாறுக்காக 1971 இறுதியில் சுமார் 67 லட்சம் செவ்ரலே கார்களை ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்து, எஞ்சின் எழும்பாமல் பிடிக்க ஒரு கம்பிவடத்தை மாட்டிக்கொடுத்தது. அவற்றில் கமாரோவும் உண்டு. பழைய காரில் பெரிய எஞ்சினை வைப்பவர், உள்ளே இரும்புக் கொக்கி உள்ள மவுண்டிங்கை வாங்குவது நல்லது. ரப்பர் போனாலும் அது விடாது.

மவுண்டிங் தாங்கிய விசை அடுத்ததாகக் கிளட்ச்சுக்குப் போகும், பிறகு கியர்பாக்ஸ், பிறகு பின் ஆக்சில். பலவீனமான இடம் எதுவோ அது முதலில் உடையும். சின்ன எஞ்சின் கமாரோவில் பின் ஆக்சிலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் 8.2 அங்குலம், பெரிய எஞ்சினோடு வந்த 12 போல்ட் ஆக்சிலில் 8.875 அங்குலம். அதையும் மாற்றிய பின் விசை கமான் பட்டைக்கு வருகிறது. 1967 கமாரோவில் பின்பக்கம் ஒற்றைப் பட்டைதான். வேகமாகக் கிளப்பினால் ஆக்சில் தானே முறுக்கிக்கொண்டு, பட்டை எஸ் வடிவில் வளையும். டயர் பிடியை விட்டதும் பட்டை நிமிரும், மறுபடி வளையும். பின்சக்கரம் தரையில் குதிக்கத் தொடங்கும். 1968-ல் பலமான கார்களுக்குப் பல பட்டைகளைக் கொடுத்தார்கள். ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை ஆக்சிலுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் நிறுத்தினார்கள். ஆக்சில் எந்தப் பக்கம் முறுக்கினாலும் ஏதாவது ஒன்று தடுக்கும்.

கடைசியில் டயர். 678 நியூட்டன் மீட்டரை முதல் கியரின் பல்சக்கர விகிதமான 2.20-ஆலும் பின் ஆக்சிலின் விகிதமான 3.73-ஆலும் பெருக்கினால் 5,560 வருகிறது. டயரின் ஆரம் 33 செண்டிமீட்டர். ஆக, தரையை ஏறத்தாழ 1,700 கிலோ விசையில் தள்ளலாம். பழைய அளவு முறைக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 1,350 மிஞ்சும். 1,600 கிலோ காரில் பின்சக்கரங்கள் மேல் நிற்பது 720 கிலோ போல. கிளம்பும்போது எடை பின்னால் சாய்ந்தாலும் சாதாரண டயர் அந்த எடைக்கு ஈடான பிடியைத் தாண்டித் தராது. அன்றைய குறுகிய பயஸ் பிளை டயர் அதையும் தராது. எஞ்சின் கொடுப்பதில் பாதி முதல் கியரில் புகையாகத்தான் போகும்.

ஆனாலும் பின் ஆக்சிலுக்கு 4.10 கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கால் மைல் பந்தயத்துக்கு அகலமான டயரோடு போகிறவருக்கு அது சரி. சாலையில் ஓட்டுபவர் என்னைக் கேட்டால் 3.31 என்பேன். மணிக்கு 100 கிலோமீட்டரில், கியர்பாக்ஸ் நேர் விகிதத்தில் இருக்கும்போது, 3.73-இல் எஞ்சின் 3,000 சுற்று சுற்றும், 3.31-இல் 2,700 போதும். முதல் கியரில் அப்போதும் டயர் தாங்குவதைவிட அதிக விசை கைவசம் இருக்கும்.