விரலிடுக்கில் பிதுங்கும் பலூன்

மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். போன வாரம் கோரிப்பாளையம் டீக்கடையில் பழைய மாணவனின் அப்பா போனை நீட்டினார். "சார், லேசர்ல சூரியனையே உண்டாக்கிட்டாங்களாம்ல? இனி கரண்ட் சும்மாவாம். ஷேர் வாங்குங்கன்னு ஒருத்தன் நச்சரிக்கிறான்."

"கையில இருக்க பணத்தை எடுத்துராதீங்கண்ணே" என்றேன்.

செய்தி பொய்யில்லை. 2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகள் 2.05 மெகாஜூல் கொடுக்க, சூரியனில் நடப்பதுபோல் அணுக்கருக்கள் ஒன்றுசேரும் அணுக்கரு இணைவில் 3.15 மெகாஜூல் கிடைத்தது. நம்ம ஈபி மீட்டரில் அது ஒரு யூனிட்கூட ஆகாது. அந்த லேசரை ஓட்டச் செலவான மின்சாரமோ 80 யூனிட்டுக்கு மேல்!

லேசரின் சக்தியைக் கூட்டினால் போதாதா என்பார்கள். போதாது; எரிபொருள் உருண்டையை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமுக்க வேண்டும். வகுப்பில் சின்னப் பலூனை ஊதிக் கொடுத்து, உருண்டை கெடாமல் அமுக்கச் சொல்வேன். எவ்வளவு பலசாலி அமுக்கினாலும் விரலிடுக்கில் பிதுங்கும். ஒரு மாணவி மட்டும் அதை வாளித் தண்ணீருக்குள் முக்கினாள். எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம்! எனக்கே அது தோன்றியதில்லை.

லிவர்மோரிலும் வாளி வேலைதான். ஹைட்ரஜன் எரிபொருள் இருப்பது சுமார் 2 மில்லிமீட்டர் வைரக் கூட்டுக்குள்; பெரிய கடுகளவு. லேசர் அதன்மேல் நேராகப் படுவதில்லை. கூட்டைச் சுற்றியுள்ள, உள்ளே தங்கம் பூசிய சிறு உலோகக் குடுவையின் சுவரில் பட்டு எக்ஸ் கதிராகிறது. அந்தக் கதிர்க் குளியலில் கூட்டின் மேல்பரப்பு ஆவியாகி வெளியே சீறும். மிச்சம் விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே பாயும்.

ஆரம் முப்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்று வையுங்கள். ஒரு பக்கம் வேகத்தில் நூற்றுக்கு ஒன்று குறைந்தாலும், கடைசி உருண்டையின் ஆரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கோணல் விழும். நடுவில் அழுத்தம் குறைந்தால் இட்லியாகத் தட்டையாகும். இரு முனைகளில் குறைந்தால் கொழுக்கட்டையாக நீளும். எரிபொருள் நிரப்பும் குழாய் முடியைவிட மெல்லியது, அதுகூடக் கெடுக்கும். 2021 ஆகஸ்டில் 1.35 மெகாஜூல் தந்த சோதனையை அப்படியே திரும்பச் செய்தும் அந்த அளவு வரவில்லை. கூடுகளின் நுண்குறைகள் முக்கியக் காரணம்.

டீ ஆறிவிட்டது. "அப்ப அந்த ஷேரு?" என்றார்.

"அது அமெரிக்க அரசாங்க ஆய்வகம்ணே. அதுல வாங்குறதுக்கு ஷேர் ஏது? பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியில அவன் பதிவு எண் என்னன்னு கேளுங்க."