வடக்கில் தேயும் கிலுகிலுப்பை விரியன்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் காட்டுக் கிலுகிலுப்பை விரியன் (timber rattlesnake, வால் நுனியை ஆட்டிச் சத்தமெழுப்பும் நச்சுப் பாம்பு) 19ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போனது. கனடாவின் ஒண்டாரியோவில் கடைசியாகத் தென்பட்டது 1941இல், நயாகரா பகுதியில். நியூ ஹாம்ப்ஷயரில் மிச்சமிருப்பது ஒரே ஒரு கூட்டம். தெற்கு மாநிலங்களில் இதே பாம்பு இவ்வளவு மோசமான நிலையில் இல்லை.

எல்லாம் குளிர் செய்யும் வேலை. உறைபனி எட்டாத ஆழத்துக்கு இறங்கும் பாறைப் பிளவு கிடைத்தால்தான் வடக்கில் பாம்பு குளிர்காலத்தைத் தாண்டும். அப்படிப்பட்ட பிளவுகள் மிகக் குறைவு. அதனால் பல பாம்புகள் ஒரே பொந்தில் ஒடுங்குகின்றன, வருடாவருடம் அதற்கே திரும்புகின்றன. புதுக்குட்டிகள் பெரிய பாம்புகளின் வாசனையை மோப்பம் பிடித்தே வழி கண்டுபிடிக்கின்றன.

இரை தேடி வளர்வதற்கு வருடத்தில் ஐந்து மாதம் கிடைத்தால் அதிகம். ஆகவே பெண் பாம்பு முதல் ஈற்றுக்கே எட்டு, பத்து வயதாகிவிடும். அதன்பிறகு மூன்று, நான்கு வருடங்களுக்கு ஒருமுறை சுமார் பத்துக் குட்டிகள். அவற்றிலும் பல முதல் குளிரைத் தாண்டுவதில்லை. நம்மூர்க் கண்ணாடி விரியனும் குட்டி போடுகிற இனம்தான், ஆனால் ஒரே ஈற்றில் இருபது, முப்பது போட்டுவிடும். இங்கே சில தாய்ப் பாம்புகளை அடித்தாலே கூட்டம் ஆட்டங்காணும்.

அடித்தார்கள், அதுவும் அரசுப் பணத்தில். வெர்மான்ட்டிலும் நியூயார்க்கிலும் 1970களின் தொடக்கம் வரை பாம்பைக் கொன்றவருக்குச் சன்மானம் கிடைத்தது. வசந்தத்தில் பொந்து வாசலில் காத்திருந்தால் போதும். சாலைகள் மிச்சக் கூட்டங்களைத் தனித்தனியாகப் பிரித்தன. நியூ ஹாம்ப்ஷயர் கூட்டத்தில் உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து, 2006ஐ ஒட்டி மழை மிகுந்த காலத்தில் பூஞ்சைத் தொற்றும் சேர, எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியானது.

மாசசூசெட்ஸ் அரசு 2016இல் குவாபின் நீர்த்தேக்கத்திலுள்ள மவுண்ட் சயான் தீவில் இவற்றை விடத் திட்டமிட்டது. பாம்பு நீந்தி ஊருக்குள் வந்துவிடும் என்று எதிர்ப்பு கிளம்ப, மறுவருடமே திட்டம் கைவிடப்பட்டது. நீந்தும், உண்மைதான். ஆனால் பொந்தை விட்டுப் போன பாம்பு அடுத்த குளிரைத் தாண்டுவது கடினம். பயந்தவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

சரி, கைகொடுப்பது எது? ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இந்தப் பாம்பு இப்போது இல்லை. ஆனாலும் அங்குள்ள ராஜர் வில்லியம்ஸ் பூங்கா விலங்குக் காட்சிசாலை பக்கத்து மாநிலங்களின் குட்டிகளைக் குளிர்காலத்தில் கதகதப்பாக வைத்து, தீனி போட்டு வளர்த்து, அந்தந்தக் காட்டிலேயே விடுகிறது. பொந்துகள் இருக்கும் இடத்தை ஆய்வாளர்கள் வெளியே சொல்வதில்லை. அடிக்க வருபவர்களும் பிடித்து விற்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.