பூங்கன்று வாங்குமுன் கிணற்றைப் பாருங்கள்

கார்த்திகை மழை தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நாற்றுப்பண்ணைகளில் பூங்கன்று விற்பனை சூடுபிடித்துவிடும். அந்நாள்களில் எந்தக் கன்றை வாங்கி நட்டாலும் தை பிறக்கும்வரை செழிப்பாகவே நிற்கும். மழைநீரும் மப்பான வானமும் அதனைப் பார்த்துக்கொள்ளும். மாசி, பங்குனியில் கிணற்று நீரை இறைக்கத் தொடங்கிய பின்னரே ஒவ்வொன்றாகப் பழுதுபடத் தொடங்கும். வீட்டுத்தோட்ட ஆலோசனைக்கு என்னை அழைப்பவர்களிற் பெரும்பாலானோர் அக்காலத்திலேயே அழைக்கிறார்கள். கன்றுக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று மருந்தின் பெயரைக் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது அவர்களுடைய கிணற்றைப் பற்றித்தான்.

யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர் சுண்ணக்கற் பாறைகளுக்குள் தங்கி நிற்கும் நீர். மழைநீர் பாறையினூடு இறங்கும்போது கல்சியத்தையும் இருகாபனேற்றையும் கரைத்து எடுத்துக்கொள்வதால் அது வன்னீராகவும் காரத்தன்மை உடையதாகவும் மாறுகிறது. ஆய்வுகூடத்துக்குப் போகாமலே இதனை அறியலாம்: தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் உட்புறத்தில் எவ்வளவு வெள்ளைப் படிவு இருக்கிறது என்று பாருங்கள். அதே படிவுதான் பூச்சாடி மண்ணிலும் நாளுக்கு நாள் சேர்கிறது.

இதன் விளைவைத் தெளிவாகக் காட்டும் செடி எக்சோரா எனப்படும் வெட்சி. புதிதாகக் கட்டிய மதில் ஓரமாக எக்சோராவை வரிசையாக நடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சில மாதங்களில் கொழுந்து இலைகள் மஞ்சளாகும். ஆனால் நரம்புகள் மட்டும் பச்சையாகவே இருக்கும். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பச்சை நூலாற் பின்னிய வலைபோலத் தெரியும். இது இரும்புப் பற்றாக்குறை. செம்பாட்டு மண்ணின் சிவப்பே இரும்பு ஒட்சைட்டால் வந்தது என்றிருக்க, அந்த மண்ணில் நின்றும் செடி இரும்பின்றித் தவிப்பது விந்தையாகத் தோன்றலாம். மண்ணில் இரும்பு நிறையவே உண்டு. காரத்தன்மை கூடும்போது அது கரையாத நிலைக்குப் போய்விடுவதால் வேரால் உறிஞ்ச முடிவதில்லை. மதில் ஓரத்தில் சீமெந்துக் கலவையின் கழிவும் உடைந்த கல்லும் புதைந்து கிடப்பதால் அங்கே பாதிப்பு இன்னும் அதிகம்.

இவ்விடத்தில் பலர் யூரியாவைப் போட்டுவிடுகிறார்கள். நைதரசன் குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலுள்ள முதிர்ந்த இலைகள். இரும்பு குறைந்தால் நுனியிலுள்ள இளம் இலைகள். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே வீண் செலவைத் தவிர்க்கலாம். இரும்பு உப்பான பெரசு சல்பேற்றை ஒரு லீற்றர் நீருக்கு 2 முதல் 5 கிராம் அளவிற் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலைகளில் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் அடுத்து வரும் கொழுந்து மறுபடியும் மஞ்சளாகலாம் என்பதால் இது தற்காலிகத் தீர்வே. தெளிக்கும்போது சீமெந்துத் தரையில் விழுந்தால் துருக்கறை போகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். எக்சோராதான் வேண்டும் என்பவர்கள் மதிலிலிருந்து சற்றுத் தள்ளி, கூட்டெருவும் பூவரசங்குழையும் தாராளமாக இட்ட குழியில் நட்டு, அடியில் மூடாக்கு இடுவது நல்லது. மலைநாட்டிலிருந்து வரும் அசேலியா, ஹைட்ரேஞ்சியா போன்றவை அமில மண்ணையும் குளிரையும் விரும்புபவை. அவற்றை இங்கே வாங்குவது சில வாரக் காட்சிக்குக் காசு கொடுப்பதற்குச் சமம்.

தீவகத்திலும் கரையோரக் கிராமங்களிலும் வன்னீரோடு சவரும், அதாவது உப்புத்தன்மையும், சேர்ந்துகொள்கிறது. இலையின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகுவதும் பூச்சாடியின் விளிம்பில் வெள்ளைப் பூச்சு ஏறுவதும் அதன் அடையாளங்கள். கோடை முற்ற, இயந்திரத்தால் இறைக்க இறைக்கக் கிணறு மேலும் சவராகும். ஆகவே அங்கு வசிப்பவர்கள் கோடையின் இறுதியிற் கிணறு தரும் நீரை மனத்திற் கொண்டே செடியைத் தெரிய வேண்டும். போகன்விலா, அலரி வகைகள், அடீனியம், பத்துமணிப்பூ, நித்தியகல்யாணி ஆகியவை இந்நிலையைப் பெரும்பாலும் தாங்கும். சாடிச் செடிகளுக்கேனும் கூரை நீரைத் தொட்டியிற் சேமித்து வைத்தால் நல்லது.

போகன்விலாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் பூ என்று பார்ப்பது நிறம் மாறிய பூவடியிலைகளை. உண்மையான பூ அவற்றின் நடுவே சிறு வெள்ளைக் குழாயாக இருக்கும். முழு வெயிலும் சற்று நீர்க்குறைவும் இருந்தாலே அது நன்றாகப் பூக்கும். தினமும் நீரூற்றி, அடிக்கடி பசளையும் இட்டுவிட்டு, இலைதான் வருகிறது, பூவைக் காணவில்லை என்று முறையிடுபவர்களுக்கு நான் சொல்லும் மருந்து, இறைப்பைக் குறையுங்கள் என்பதே. இப்படியான செடிகள் நிற்க வேண்டிய முற்றங்களில், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் விருப்பத்துக்காகப் புற்றரை போட்டு, கோடை முழுவதும் நன்னீரை அதற்கு இறைப்பது எனக்கு உடன்பாடில்லை.

இலையழகுச் செடிகளுக்கு ஒளியும் காற்றும் முக்கியம். குரோட்டனை நிழலில் வைத்தால் நிறம் மங்கிப் பச்சையாகிவிடும். கலேடியத்தை நடுவெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும். வைகாசியிலிருந்து ஆவணிவரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று அகன்ற மெல்லிய இலைகளைக் கிழித்து உலர்த்திவிடும் என்பதால், அத்தகையவற்றை வீட்டின் வடக்கு அல்லது கிழக்குப் பக்கத்தில், மாமர நிழலோரமாக வைப்பது பொருத்தம். வன்னீரை இலைமேல் தெளித்தால் வெள்ளைப் புள்ளிகள் படியும். அடியில் மட்டும் ஊற்றுங்கள்.

சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அழகைவிடப் பாதுகாப்பே முதலில் வர வேண்டும். மஞ்சள் அலரியின் எல்லாப் பாகங்களும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையவை, செவ்வலரியும் அவ்வாறே. கார்த்திகைப் பூவின் கிழங்கு கொடிய நஞ்சு. வரவேற்பறையில் வைக்கும் டிபன்பேக்கியாவின் இலையைக் கடித்தால் அதிலுள்ள ஒட்சலேற்றுப் பளிங்குகள் வாயையும் நாக்கையும் வீங்கச் செய்யும். பிள்ளை எதையேனும் வாயில் வைத்துவிட்டால் கைமருந்து பார்க்காமல், அந்தச் செடியின் துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எங்கள் வளவுகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு: வேலி வெட்டிய குழையை ஆட்டுக்குப் போடும் பழக்கம். அலரிக் கொப்புகள் அக்குழையோடு கலந்துவிட்டால் ஆடு இறந்துவிடக்கூடும்.

மாரியில் டெங்கு பரவும் ஊர் இது. பூச்சாடிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் அன்னாசிக் குடும்பத்து அழகுச்செடியான புரோமீலியாவின் இலைக்கவட்டிலும் நிற்கும் நீர் நுளம்பு பெருகப் போதுமானது. தட்டுகளை மழைக்காலத்தில் அகற்றிவிடலாம். புரோமீலியாவை நான் எவருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

கன்று வாங்கும்போது பூ நிறைந்ததைவிட மொட்டுடன் இருப்பதையே எடுங்கள். இலையின் கீழ்ப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்; குறிப்பாகச் செவ்வரத்தையில் வெள்ளைப் பஞ்சுபோல மாப்பூச்சி ஒட்டியிருந்தால் அதனை வளவுக்குள் கொண்டுவராதீர்கள். பையின் அடியால் வேர் வெளியேறிச் சுருண்டிருந்தாலும் வேண்டாம். எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். உங்கள் ஊரை ஒத்த கிணற்று நீரிற் சில மாதங்களேனும் நின்ற கன்று, நேற்று லொறியில் வந்திறங்கியதைவிடச் சற்று வாடித் தெரிந்தாலும் அதையே வாங்குங்கள்.